ஸ்மார்ட் எம்சிபி எப்படி வேலை செய்கிறது? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாகவே அறுத்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச். அதைப் போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யலாம் என்றதும் பலரும் முதலில் கேட்பது, "எந்த ஆப்?" என்றுதான். நான் ஆப்பைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். வயர் எரியாமல் காப்பது வைஃபை இல்லை.

படி 1: சாதாரண எம்சிபிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

உள்ளே இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, இரு வேறு உலோகங்களை ஒட்டிய பட்டை. லோடு கூடினால் அது சூடேறி, வளைந்து, ட்ரிப் செய்யும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் நிதானமாகத்தான் செய்யும். வீட்டு எம்சிபிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60898-ன்படி, 16 ஆம்பியர் எம்சிபியில் 18 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் அது ட்ரிப் ஆகக் கூடாது. 23.2 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆகியே தீர வேண்டும். இந்த இடைவெளியை மனதில் வையுங்கள், ஸ்மார்ட் பகுதியின் பயன் இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் இது உடனே இழுத்துவிடும். எத்தனை மடங்கில் இழுக்கும் என்பதை வைத்து எம்சிபிகளை வகை பிரிக்கிறார்கள். சி வகையில் குறித்த அளவைப்போல் 5 முதல் 10 மடங்குக்குள், அதாவது 16 ஆம்பியருக்கு 80 முதல் 160 ஆம்பியருக்குள் இது நடக்கும்.

படி 2: ஸ்மார்ட் பகுதி என்ன சேர்க்கிறது?

ஒரு கரண்ட் சென்சார், வோல்டேஜ் அளக்கும் சுற்று, சின்ன சிப், லீவரையோ ரிலேவையோ (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இயக்கும் மோட்டார் அல்லது சுருள், வைஃபை. சென்சார் சொல்லும் அளவை சிப் தொடர்ந்து பார்க்கிறது. "14 ஆம்பியரை 30 விநாடி தாண்டினால் ஆஃப்" என்று நீங்கள் வைத்தால், பட்டை சூடேறும்வரை காத்திருக்காமல் துண்டித்துவிடும். வோல்டேஜ் எகிறினாலும் அப்படியே. சாதாரண எம்சிபிக்கு வோல்டேஜ் தெரியவே தெரியாது.

படி 3: வாங்கும்போது முகப்பைப் படியுங்கள்

சி16 போன்ற குறியும், ஒரு கட்டத்துக்குள் 6000 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 6000 ஆம்பியர் வரையிலான ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைப் பத்திரமாக அறுக்கும் என்பது அதன் பொருள். எம்சிபி உருவில் விற்கப்படும் சில சாதனங்கள் வெறும் வைஃபை ரிலேதான். பட்டையும் இல்லை, காந்தச் சுருளும் இல்லை. அதை வாங்கிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு முறையான எம்சிபி இருந்தே ஆக வேண்டும்.

ஆம்பியரை வயரின் தடிமனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று பெரிய எம்சிபி மாட்டினால், ட்ரிப் நிற்கும், வயர் சூடாகும்.

படி 4: மாட்டுதல்

இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியவை: உள்ளிருக்கும் சிப்புக்கு மின்சாரம் வேண்டுமென்பதால் பெரும்பாலான மாடல்களுக்கு நியூட்ரலும் தேவை. இன், அவுட் முனைகள் மாறக் கூடாது. திருகுகள் இறுக்கமாக இருக்க வேண்டும், தளர்ந்த முனைதான் கருகும்.

படி 5: சோதனை

இப்போது ஆப். அந்தச் சர்க்யூட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுங்கள். 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் காட்ட வேண்டும். பிறகு வரம்பை வேண்டுமென்றே 3 ஆம்பியருக்கு இறக்கி, துண்டிக்கிறதா பார்த்துவிட்டுப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். மறுபடி 3 ஆம்பியருக்கு இறக்கி, ரூட்டரை அணைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியைப் போட்டு இன்னொரு முறை பாருங்கள்; முடிந்ததும் ரூட்டரை ஆன் செய்து வரம்பைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். இன்டர்நெட் இல்லாதபோதும் துண்டித்தால்தான் அந்த வரம்பை நம்பலாம்.

படி 6: ட்ரிப் ஆனால்

வெளியூரில் இருந்தபடி போனில் மறுபடி ஆன் செய்யாதீர்கள். அங்கே ஒரு வயர் உருகிக்கொண்டிருக்கலாம். யாராவது நேரில் பார்த்து, லோடைக் கழற்றி, பட்டை ஆற இரண்டு நிமிடம் விட்டு, அதன்பிறகு லீவரைத் தூக்கட்டும்.

ஷாக்கிலிருந்து காப்பது வேறு சாதனம்: மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கசிவுப் பாதுகாப்பு உண்டு என்று குறிக்காத ஸ்மார்ட் எம்சிபி அந்த வேலையைச் செய்யாது. வயரைத் தொடுமுன் ஆப்பில் ஆஃப் காட்டுவதும் போதாது. மெயினைக் கையால் இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள்.