இதய அறுவை செய்துகொண்டவரை வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் இதய அறுவைக்குப் பிந்தைய தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசச் சிகிச்சையாளராக நான் பணிக்குச் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அண்மையில் புதிதாக வந்த இருவர் கட்டிலருகே நின்று, "சாச்சுரேஷன் 99 இருக்குக்கா, ட்யூபை எடுத்துடலாமா?" என்று கேட்டார்கள். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்த்து, மூச்சுக்குழாயில் செருகிய வென்டிலேட்டர் குழாயை எடுக்கலாமா என்பதே கேள்வி. அதே சொற்களை அதே நம்பிக்கையோடு நான் சொன்ன ஓர் இரவு நினைவுக்கு வந்தது. இதை எழுதக் காரணம் அந்த இரவுதான். ட்யூபைத் தளர்வாகக் கட்டுவது, அலாரத்தை அடக்கிவிட்டு நகர்வது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாரேனும் திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை.

கடிகாரத்தைப் பார்த்து ட்யூபை எடுப்பது

அறுவை முடிந்து 6 மணி நேரத்துக்குள் ட்யூபை எடுப்பது நல்ல குறிக்கோள்தான். ஆனால் தியேட்டரிலிருந்து வந்தவரின் உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸைக்கூட எட்டாமல், அவர் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த நடுக்கமே ஆக்சிஜன் தேவையைப் பல மடங்கு கூட்டிவிடுகிறது. மார்புக் குழாயில் இரத்தம் நிற்காமல் வடிகிறதா, தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்து முழுமையாக நீங்கிவிட்டதா என்பவற்றுக்கு விடை கிடைக்காதவரை ஆறாவது மணி என்பது வெறும் எண்.

நுரையீரலை மட்டும் பார்த்து இதயத்தை மறப்பது

நான் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். அன்று கட்டிலில் இருந்தவர் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. பைபாஸ் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. இதயத்தின் இயங்குதிறன், அதாவது ஒரு துடிப்பில் இடது கீழறை வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கு, 30 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. பிரஷர் சப்போர்ட் (மூச்சை இழுக்கும்போது கருவி தரும் உதவி அழுத்தம்) 8, பீப் (மூச்சை விட்ட பின்னும் நுரையீரலில் தக்கவைக்கும் அழுத்தம்) 5 என்று வைத்து அரை மணி நேரம் சுயசுவாசப் பரிசோதனை செய்தேன். சாச்சுரேஷன் 99; மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 22. நாடித்துடிப்பு 84இலிருந்து 112க்கும், மேல் இரத்த அழுத்தம் 120இலிருந்து 158க்கும் ஏறியதை என் கையாலேயே குறிப்பேட்டில் எழுதினேன். மயக்கம் தெளிகிறது, அதனால்தான் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். மருத்துவரிடம் தேறிவிட்டார் என்று அறிவித்தேன், ட்யூப் எடுக்கப்பட்டது.

நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. "என்னைய உக்கார வைங்க தாயி, படுத்தா மூச்சு முட்டுது" என்றார். அப்போதும் முகமூடி ஆக்சிஜனில் சாச்சுரேஷன் 97 காட்டியது, நானும் அந்த எண்ணையே நம்பினேன். சற்று நேரத்தில் இளஞ்சிவப்பு நுரை வந்தது. மீண்டும் ட்யூப் போட வேண்டியதாயிற்று; நிமோனியாவும் சேர்ந்துகொள்ள, மேலும் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் கழிந்தது. அவர் பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் அந்த ஒன்பது நாள் செலவுக்காக அவருடைய மகன் நிலத்தை ஒத்திக்கு வைத்தார் என்பது எனக்குத் தெரியும்.

அன்று எனக்குப் புரியாதது இதுதான்: வென்டிலேட்டர் நுரையீரலுக்கு மட்டும் உதவும் கருவி அல்ல, நலிந்த இதயத்துக்கும் அது முட்டுக்கொடுக்கிறது. அது தள்ளும் காற்றால் மார்புக்குள் அழுத்தம் கூடியிருக்கும்வரை இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மட்டுப்படுகிறது. இடது கீழறை இரத்தத்தை வெளியே தள்ளப் பட வேண்டிய பாடும் குறைகிறது. நோயாளி தாமே மூச்சை இழுக்கத் தொடங்கியதும் மார்புக்குள் அழுத்தம் இறங்கி, இந்த இரண்டு நன்மைகளும் ஒரே நொடியில் பறிபோகின்றன. வரத்துக் கால்வாயில் வெள்ளம் பெருகும் அதே வேளையில் மடையும் அடைபட்டால் கண்மாய் என்ன ஆகுமோ அதுவே இங்கும் நடக்கிறது. தேங்கும் அழுத்தம் பின்னோக்கி ஏறி நுரையீரலுக்குள் நீராகக் கசிகிறது.

பிரான்சில் லெமேர் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு இதய நோயும் இருந்த 15 பேரை வென்டிலேட்டரிலிருந்து சுயசுவாசத்துக்கு மாற்றிய பத்து நிமிடத்துக்குள், இடப்பக்க இதயத்தின் நிரப்பு அழுத்தம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. நீர் பிரிக்கும் மருந்து கொடுத்துச் சில நாள் பொறுத்த பின், அவர்களில் 9 பேரை வென்டிலேட்டரிலிருந்து வெற்றிகரமாக விடுவிக்க முடிந்தது. அவர்களைத் தடுத்து நிறுத்தியது நுரையீரல் மட்டுமல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இப்போது என் பரிசோதனை அவ்வளவு நன்றாக இருந்தது ஏன் என்று பாருங்கள். பிரஷர் சப்போர்ட் 8, பீப் 5 என்ற முட்டுக்கொடுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, முட்டு இல்லாமல் நிற்பாரா என்று சோதித்தேன். மூச்சு எண்ணிக்கையை, லிட்டரில் கணக்கிட்ட ஒரு மூச்சின் அளவால் வகுத்து, 105க்குக் கீழே இருந்தால் நல்லது என்று சொல்கிறோம் அல்லவா? 1991இல் யாங், டோபின் இருவரும் அந்த எல்லையைக் கண்டது, நோயாளி எந்த உதவியும் இல்லாமல் மூச்சுவிடும்போது அளந்து. பிரஷர் சப்போர்ட்டில் அளந்தால் அந்த எண் தானாகவே இறங்கி நம்மை ஏமாற்றும்.

ஆகவே இதயம் நலிந்தவர்களுக்கு டி-பீஸில் (அழுத்த உதவி இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் தரும் டி வடிவ இணைப்பு) அல்லது உதவி அழுத்தங்களை அறவே நீக்கி அரை மணி நேரம் பாருங்கள். நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ தொடக்க நிலையிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால், நெற்றி வியர்த்தால், அமைதியாக இருந்தவர் கட்டிலின் கம்பியைப் பற்றத் தொடங்கினால், சாச்சுரேஷன் எதைக் காட்டினாலும் அவர் தேறவில்லை என்றே எழுதுங்கள். முடிந்தால் பரிசோதனையின் தொடக்கத்திலும் இறுதியிலும் எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். இசிஜியில் மாற்றம் உண்டா என்று பாருங்கள். முந்தைய நாள் உடலில் சேர்ந்த நீர்க்கணக்கைக் கூட்டிப் பார்க்காமல் பரிசோதனையைத் தொடங்காதீர்கள். என் நோயாளிக்கு இரண்டரை லிட்டர் மிகுதியாக இருந்தது, அந்தத் தாள் என் கையருகிலேயே கிடந்தது. நீர் பிரிக்கும் லேசிக்ஸோ இரத்தக்குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரினோ தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார், ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய செய்தி நம்மிடமிருந்துதான் போக வேண்டும். இத்தகையவர்களுக்கு ட்யூபை எடுத்த உடனேயே பைபேப் முகமூடியை (ட்யூப் இல்லாமலே அழுத்தத்தோடு காற்றைத் தருவது) பொருத்துங்கள், மூச்சு திணறிய பிறகு தேடாதீர்கள். அதையும் மீறித் திணறுபவருக்கு மறுபடி ட்யூப் போடுவதை முகமூடியைக் காட்டித் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து.

போர்வையை விலக்காமல் முடிவு செய்வது

அறுவையின்போது இதயத்தைச் சுற்றி வைக்கும் பனிக்குழைவின் குளிராலும், மார்பின் உட்தமனியைப் பிரித்தெடுக்கும்போதும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதிக்கப்படலாம், பெரும்பாலும் இடப்பக்கம். போர்வையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு எழ வேண்டும். மார்பு எழும்போது வயிறு உள்வாங்கினால் உதரவிதானம் சோர்ந்திருக்கிறது என்று பொருள். இதுவும் பிரஷர் சப்போர்ட்டில் மறைந்துகொள்ளும்.

கஃப் அழுத்தத்தை விரலால் அளப்பது

கஃப் என்பது ட்யூபின் நுனியருகே காற்றடைத்து மூச்சுக்குழாயை அடைக்கும் சிறு பலூன். அதன் அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டர் எதற்கு இருக்கிறது? 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவு.

ஒவ்வொரு சக்ஷனுக்கும் (ட்யூபிலிருந்து சளியை உறிஞ்சி எடுப்பது) உப்புநீர் ஊற்றுவது

வேண்டாம்.

பீடி பற்றி ஆண்களிடம் மட்டும் கேட்பது

மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வால்வு அறுவைக்கு வரும் அம்மாக்கள் பலர் பல பத்தாண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்தவர்கள். பீடியைத் தொடாத அவர்களுடைய நுரையீரலும் அடைபட்டிருக்கலாம். கரியமில வாயு எப்போதும் சற்றுக் கூடுதலாக இருந்து பழகிய அந்த உடலில், ஏபிஜி (தமனி இரத்தத்தின் வாயுப் பரிசோதனை) காட்டும் கரியமில வாயு அளவை 40க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று வென்டிலேட்டரை ஏற்றி வைத்தால், ட்யூபை எடுத்ததும் அவரால் அந்த அளவைத் தாங்கிப்பிடிக்க முடியாது. அவருடைய பழைய அளவு என்ன என்று அறுவைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

"வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு நகர்வது

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருக்கும்போதும் "இல்லத்தா, தாங்கிக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி வலி மருந்தைக் குறைத்தால், அவர்கள் இருமுவதை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் எக்ஸ்ரேயில் இடது கீழ் நுரையீரல் சுருங்கியிருக்கும். எனவே வலியைக் கேட்காதீர்கள். தலையணையை நெஞ்சோடு அணைக்கச் சொல்லி, இருமிக் காட்டச் சொல்லுங்கள். இருமல் தொண்டையோடு நின்றுவிட்டால் வலி இருக்கிறது.

"ஊதுங்க" என்று சொல்வது

மூச்சுப் பயிற்சிக்கான, மூன்று பந்து இருக்கும் ஸ்பைரோமீட்டரை வார்டு முழுவதும் ஊதுகிற மெஷின் என்றே அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டவர் ஊதத்தானே செய்வார்? ஊதினால் பந்து எழாது. சுருங்கிய நுரையீரலும் விரியாது. "இளநியை ஸ்ட்ரா வச்சு உறிஞ்சுற மாதிரி உறிஞ்சுங்க" என்று சொல்லுங்கள். எழுந்த பந்தை மூன்று நொடி நிறுத்தச் சொல்லுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்து முறை. இதை அறுவைக்கு முந்தைய நாள் மாலையே, உடனிருக்கப்போகும் மகளையோ மருமகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுங்கள். அறுவை முடிந்தவரின் காதில் அன்று எதுவும் ஏறாது.