ஜூனில் வந்த குழந்தையை ஏப்ரலில் அடையாளம் தெரிகிறதா?

ஜூன் மாதம் அம்மாவின் முந்தானையை விடாமல் அழுத குழந்தை, ஏப்ரலில் பையைக்கூட வாங்காமல் வகுப்புக்குள் ஓடுகிறது. நடுவில் என்னவெல்லாம் மாறியது என்று கேட்டால் பெற்றோருக்கும் சொல்ல வருவதில்லை, எல்.கே.ஜி. ஆசிரியர்களான எங்களுக்கும் பல நேரம் வருவதில்லை. "ஏபிசிடி முழுசா சொல்றா, நூறு வரைக்கும் எண்றா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

குழந்தையின் வளர்ச்சியைக் கவனிப்பதில் நாம் செய்யும் முதல் தவறு, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடுவது. ஒரே வகுப்பில் 3 வயது 3 மாதக் குழந்தையும் இருக்கும், 4 வயது 2 மாதக் குழந்தையும் இருக்கும். இடைவெளி 11 மாதம்தான். ஆனால் சின்னவளுக்கு அது இதுவரை வாழ்ந்த காலத்தில் கால் பங்குக்கும் மேல். அவளை அவளுடைய ஜூன் மாதத்தோடு மட்டும்தான் ஒப்பிட முடியும்.

அதற்கு ஜூனில் எழுதி வைத்திருக்க வேண்டும். நாங்களோ ரிப்போர்ட் கார்டு தரும் வாரத்தில் உட்கார்ந்து யோசித்து, 'சமத்து', 'அடம்', 'இன்னும் பழக வேண்டும்' என்று எழுதுகிறோம். இவையெல்லாம் தீர்ப்புகள். இதைப் படித்து ஒரு தாய்க்கு என்ன புரியும்? பார்த்ததை அன்றே, தேதி போட்டு, ஒரே வரியில் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு வரி: "செப்டம்பர் 12. குழாயடியில் புதுப் பையனிடம், 'கண்ண மூடிக்க, சோப்பு எரியும்' என்றாள்." அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். சத்தம் போடும் பிள்ளைகள் மேலேயே நம் கண் போவதால், இப்படி ஒதுங்கி நிற்பவர்களின் வளர்ச்சிதான் அதிகம் தவறிப் போகிறது.

படங்களைத் திருத்துவதும் தவறு. மூன்று வயதில் வட்டம் வரும், நாலு வயதையொட்டிக் கூட்டல் குறி, பிறகு சதுரம், ஐந்து வயதுவாக்கில் முக்கோணம். கொஞ்சம் முன்பின் ஆகலாம். மனிதனை வரையச் சொன்னால் முதலில் ஒரு பெரிய தலை, அதிலிருந்தே நேராக இரண்டு கால்கள். "வயிறு எங்கடா?" என்று பென்சிலைப் பிடுங்கி நாம் போட்டுக் கொடுத்தால், வயிறு அவனாகவே என்று வந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். மாதம் ஒருமுறை "உன்னை வரை" என்று சொல்லி, பின்பக்கம் தேதி எழுதிக் கோப்பில் போடுங்கள். சட்டைப் பொத்தானும் ஐந்து விரலும் முளைக்கும் மாதத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி அழுதால், பழகியது எல்லாம் போயிற்று என்று பயப்பட வேண்டாம். ஜூனில் எத்தனை நாள் அழுதது, இப்போது எத்தனை நாள் அழுகிறது என்று பாருங்கள்.

உயரமும் எடையும் பார்க்கும்போது ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மகிழ்வதோ வருந்துவதோ கூடாது. இந்த வயதில் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோவும் 6, 7 சென்டிமீட்டரும் கூடும். காய்ச்சல் வந்த மாதம் எடை இறங்கலாம், தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் ஏறாமல் நின்றால்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செருப்போடும் கொண்டையோடும் உயரம் அளக்காதீர்கள். குதிகாலும் தலையின் பின்பக்கமும் சுவரில் பட வேண்டும்.

எனக்கு மிகவும் வேதனை தருவது கடைசித் தவறு: "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று காத்திருப்பது. கோழியைக் 'கோயி' என்பது இந்த வயதில் சகஜம். ஆனால் மூன்று வயது தாண்டியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், நாலு வயதில் வெளியாருக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை என்றால், தள்ளிப் போடாதீர்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கும். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். செலவு கிடையாது. முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் வகுப்பில் ஒருவனை, கூப்பிட்டால் திரும்பாத அடம் என்றே பாதி வருடம் நினைத்திருந்தேன். சளி முற்றிக் காதுக்குள் நீர் கோத்திருந்தது. சிகிச்சை முடிந்து வந்த முதல் நாள், கரும்பலகைப் பக்கமிருந்து மெதுவாகத்தான் பெயர் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தான்.