ஓஹிப் வருமுன்னே பிள்ளை வந்தால்? ஒன்ராறியோவில் ஸ்பொன்சருக்குக் காத்திருக்கும் கர்ப்பிணிக்குப் படிப்படியாக

ஒன்ராறியோவில் இருந்துகொண்டே, நிரந்தர வதிவிடத்துக்காகக் கணவர் செய்த ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்குக் காத்திருக்கும்போது பிள்ளை தங்கிவிட்டவர்களுக்கான குறிப்பு இது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது, கையில் ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புக்கான ஹெல்த் கார்ட், இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற மாகாணங்களில் மருத்துவக் காப்பு விதி வேறு. அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

படி 1: முதலில் மிட்வைஃப், பிறகுதான் ஓஹிப்

எல்லாரும் தலைகீழாகச் செய்வது இங்கேதான். ஓஹிப் வரட்டும், பிறகு டொக்டரைப் பார்க்கலாம் என்று இருந்தால் நாலாம் மாதம் ஓடிவிடும்.

ஒன்ராறியோவில் மிட்வைஃபுக்கு (பயிற்சி பெற்ற மருத்துவிச்சி) சம்பளம் ஓஹிப் கார்ட் வழியாகப் போவதில்லை. சுகாதார அமைச்சு தனி நிதியில் கொடுக்கிறது. அதனால் மாகாணத்தில் வசிப்பவர் யாராக இருந்தாலும், கார்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மிட்வைஃபின் கவனிப்புக்குக் காசு இல்லை. பிள்ளை பிறந்து ஆறு கிழமை வரை தாயையும் பிள்ளையையும் அவரே பார்ப்பார். முதல் கிழமையில் வீட்டுக்கும் வருவார்.

ஊர் மருத்துவிச்சியை நினைத்துக்கொண்டு ‘டொக்டர் இல்லாமல் எப்படி’ என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். இங்கே மிட்வைஃப் நாலு வருடப் பட்டப்படிப்பு முடித்தவர். இரத்தப் பரிசோதனை, ஸ்கான் எழுதுவார், ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் பார்ப்பார்.

டெஸ்டில் இரண்டு கோடு தெரிந்த அன்றே, உங்கள் தபால் குறியீட்டை ஏற்கிற மூன்று நாலு மிட்வைஃப் கிளினிக்குகளின் ஒன்லைன் படிவத்தை நிரப்புங்கள். ஒரே ஒரு இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கடைசி மாதவிடாயின் முதல் நாளைச் சரியாகப் போடுங்கள். ‘ஓஹிப் இல்லை, ஸ்பொன்சர் விண்ணப்பம் நடக்கிறது’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். மறைத்தால் பின்னால் லாப் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

அவர்கள் கூப்பிடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பீர்கள்? ஓஹிப் இல்லாதவரின் லாப், ஸ்கான் செலவைக் கிளினிக் நிதியிலிருந்து கட்டுவீர்களா? மகப்பேற்று டொக்டரிடம் அனுப்பவேண்டி வந்தால் அந்தக் கட்டணம் யார் தலையில்? இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலை வைத்தே கிளினிக்கைத் தெரிவுசெய்யுங்கள், வீட்டுக்குக் கிட்ட இருப்பதை வைத்து அல்ல.

மிட்வைஃப் கிடைக்காவிட்டால் சமூக சுகாதார நிலையங்களில் கேளுங்கள். காப்பு இல்லாதவர்களையும் பார்ப்பது அவர்களின் வேலைகளில் ஒன்று. ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கம் தைபு நிலையம் இருக்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய, காப்பு இல்லாதவருக்கும் ஆஸ்பத்திரிச் செலவை மாகாணமே கட்டிய திட்டம் 2023 மார்ச் 31 உடன் முடிந்துவிட்டது. பழைய வாட்ஸ்அப் தகவலை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்.

படி 2: கிழமைக் கணக்கு

போனில் இருக்கும் கர்ப்ப ஆப்களை விட முதல் ஸ்கான் சொல்லும் பிரசவத் தேதிதான் பெரிது. அதைக் கலண்டரில் எழுதி மற்றதைப் பின்னோக்கி எண்ணுங்கள். முதல் இரத்தப் பரிசோதனையில் இரத்த வகை, ஆர்எச் (அது பொசிட்டிவா நெகட்டிவா என்பது), ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி, சிபிலிஸ், ருபெல்லா எல்லாம் பார்த்துவிடுவார்கள். குரோமோசோம் குறைபாட்டுக்கான முதல் ஸ்கிரீனிங்கை 11 முதல் 13 கிழமைக்குள் செய்யவேண்டும், தவறினால் திரும்ப வராது. உறுப்பு ஸ்கான் 18 முதல் 22 கிழமை. சீனிப் பரிசோதனை 24 முதல் 28 கிழமை. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சீனி வரும் வாய்ப்புக் கூட, அதனால் முன்கூட்டியே பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆர்எச் நெகட்டிவ் என்றால் 28 கிழமை ஊசி முக்கியம். 35 முதல் 37 கிழமையில் ஜிபிஎஸ் பரிசோதனை, பிரசவத்தின்போது பிள்ளைக்குத் தொற்றக்கூடிய கிருமி இருக்கிறதா என்று பார்க்க.

விசிற்றர் காப்புறுதி எடுத்து வைத்திருந்தால் பாலிசியில் கர்ப்பம் பற்றிய பகுதியை மட்டும் முழுக்க வாசியுங்கள். பெரும்பாலானவை வழக்கமான பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் காசு தராது. திடீர்ச் சிக்கலுக்குத் தந்தாலும், பிரசவத் தேதிக்கு முந்திய சில கிழமைகளை விலக்கிவிடும்.

படி 3: ஓஹிப் கவுன்டரும் அந்த ஒரு கடிதமும்

ஆட்கள் திரும்பத் திரும்ப வெறுங்கையோடு வருவது இந்தப் படியில்தான்.

ஐஆர்சிசி (கனடாவின் குடிவரவுத் திணைக்களம்) உங்களுக்கு முதலில் அனுப்புவது ஏஓஆர், அதாவது விண்ணப்பம் கிடைத்தது என்ற கடிதம். அதைக் கொண்டுபோய், ஓஹிப் பதியும் மாகாண அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவில் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். விதி கேட்பது வேறு: நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கத் தேவையான தகுதி உங்களுக்கு உண்டு என்று ஐஆர்சிசி உறுதிசெய்திருக்கவேண்டும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கக் கூடாது. கிடைத்தது என்பது ஒன்று, தகுதி உண்டு என்பது இன்னொன்று.

இன்னொரு குழப்பம். ஸ்பொன்சர் செய்பவருக்குத் தகுதி உண்டு என்று முதலில் ஒரு கடிதம் வரும். அதில் பேசப்படுவது கணவரின் தகுதி. கவுன்டரில் தேவைப்படுவது உங்கள் பெயரும் விண்ணப்ப இலக்கமும் போட்டு, உங்கள் தகுதியைச் சொல்லும் கடிதம். கடிதம் வந்ததும் ‘தகுதி’ என்ற சொல் யாரைப் பற்றி வருகிறது என்று விரலை வைத்து வாசியுங்கள்.

அந்தக் கடிதம் பிந்தினால் இன்னொரு வாசல் இருக்கிறது. செல்லுபடியாகும் வேலை அனுமதி இருந்து, ஒன்ராறியோ வேலைத்தலம் ஒன்றில் முழுநேரமாகக் குறைந்தது 6 மாதம் வேலை என்று முதலாளி கையெழுத்திட்டுக் கடிதம் தந்தால் அதன் பேரிலும் ஓஹிப் எடுக்கலாம். கடிதத்தில் வேலையின் பெயர், முழுநேரம், 6 மாதத்துக்குக் குறையாது என்ற மூன்றும் இருக்கவேண்டும். இதற்காக வேலை அனுமதி விண்ணப்பத்தை, ஐஎம்எம் 5710 படிவத்தில், கைவசம் உள்ள ஸ்டேட்டஸ் முடியுமுன் போடுங்கள்.

கவுன்டருக்கு மூலப் பத்திரங்களைக் கொண்டுபோங்கள், போட்டோக்கொப்பி செல்லாது. குடிவரவுப் பத்திரம் ஒன்று, ஒன்ராறியோ முகவரிக்கு ஆதாரம் ஒன்று, அடையாளம் ஒன்று. வழுக்குவது நடுவில் உள்ளது. வாடகை ஒப்பந்தம், ஹைட்ரோ (மின்சார) பில் எல்லாம் கணவர் பெயரில்தான் இருக்கும். அதனால் இப்போதே இருவர் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, ஸ்டேற்மன்ற் உங்கள் பெயரிலும் தபாலில் வரும்படி செய்யுங்கள். முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 இல் எடுக்கப்பட்டுவிட்டது, அதனால் தகுதி கிடைத்த பிறகு தாமதிக்காமல் போங்கள்.

படி 4: ஆஸ்பத்திரியோடு காசுக் கதை

ஓஹிப் வராது என்று வைத்து, 32 கிழமைக்குள்ளாவது திட்டமிடுங்கள். ஆஸ்பத்திரியின் கணக்குப் பகுதிக்கு ஈமெயில் எழுதி மதிப்பீடு கேளுங்கள். போனில் சொன்ன தொகை எழுத்தில் இருக்காது.

கேட்கும்போது ‘காப்பு இல்லாத ஒன்ராறியோ வாசி’ என்ற சொல்லை மறக்கவேண்டாம். பல ஆஸ்பத்திரிகளில் மாகாணத்தில் வசிக்கும் காப்பு இல்லாதவருக்கு ஒரு நாள் கட்டணம், வெளிநாட்டு வருகையாளருக்கு அதைவிடக் கூடின இன்னொன்று. உல்லாசப் பயணி என்று பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. முகவரி ஆதாரத்தையும் ஏஓஆர் கடிதத்தையும் ஈமெயிலோடேயே இணைத்துவிடுங்கள். ஓஹிப் கவுன்டரில் பலிக்காத ஏஓஆர் இங்கே பலிக்கும்.

ஆஸ்பத்திரி அறைக் கட்டணம், மகப்பேற்று டொக்டர், மயக்க மருந்து டொக்டர் ஆகியோரின் பில்கள் தனித்தனியாக வரும். எபிடியூரல் (பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடும் ஊசி) வேண்டுமென்றால் மூன்றாவதையும் கணக்கில் எடுங்கள். மிட்வைஃபோடு சிக்கலில்லாத பிரசவமென்றால், தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால், சில மணி நேரத்திலேயே வீட்டுக்குப் போகலாம். அறைக் கட்டணம் இதில்தான் குறையும். ரொறன்ரோவிலும் ஒட்டாவாவிலும் மிட்வைஃபுகள் நடத்தும் பிரசவ நிலையங்கள் இருக்கின்றன, அங்கே ஓஹிப் இல்லாவிட்டாலும் கட்டணம் இல்லை. ஆபத்துக் குறைந்த கர்ப்பத்துக்கு மட்டுமே அவை பொருந்தும்.

இரத்தப்போக்கு, கடும் தலையிடியோடு கண் மங்கல், பிள்ளை அசைவு குறைதல் என்றால் காசைப் பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் அங்கே மறுக்க முடியாது. பில்லைப் பிறகு தவணையில் கட்டப் பேசலாம்.

படி 5: குடிவரவு மெடிக்கலும் எக்ஸ்ரேயும்

மெடிக்கலை ஐஆர்சிசி அங்கீகரித்த பனல் டொக்டரிடம்தான் செய்யவேண்டும், மிட்வைஃப் செய்ய முடியாது. வரவேற்பு மேசையிலேயே கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பிள்ளை பிறந்த பிறகு எடுக்கலாம், அல்லது உங்கள் சம்மதத்தோடு வயிற்றை மறைத்து இப்போதே எடுக்கலாம். அவசரம் இல்லையென்றால் தள்ளிவைப்பதுதான் என் விருப்பம். இரத்தமும் உடல் பரிசோதனையும் இப்போதே முடியும். எக்ஸ்ரே வரும்வரை இறுதி முடிவு நிற்கும், ஆனால் தகுதி பார்ப்பதும் மெடிக்கலும் தனித்தனிப் பெட்டிகள். கர்ப்பம் காரணமாக விண்ணப்பம் நிராகரிக்கப்படாது. துணைவருக்கு ‘மருத்துவச் செலவு கூட’ என்ற காரணமும் பொருந்தாது.

படி 6: பிள்ளை பிறந்தபின்

இங்கே பிறந்த பிள்ளை கனேடியக் குடிமகன். தாயின் ஓஹிப்போடு பிள்ளையின் ஓஹிப்புக்குச் சம்பந்தம் இல்லை. பிள்ளைக்கான ஓஹிப் பதிவுப் படிவத்தை ஆஸ்பத்திரியில் அல்லது மிட்வைஃபிடம் கேட்டு வாங்குங்கள், கிழித்துத் தரும் துண்டில் பிள்ளையின் இலக்கம் அச்சிட்டிருக்கும். தாய்க்குக் கார்ட் இல்லை என்று படிவத்தைத் தர மறுத்தால் அங்கே நின்று சண்டை பிடிக்காமல், பிறப்புச் சான்றிதழ் வந்ததும் சேர்விஸ் ஒன்ராறியோவில் நேரே பதியுங்கள்.

பிறப்பை 30 நாளுக்குள் ஒன்லைனில் பதியலாம். அதே இடத்தில் சின் (சமூகக் காப்புறுதி) இலக்கத்துக்கும் சைல்ட் பெனிஃபிற்றுக்கும் (பிள்ளைக்கான அரச உதவித்தொகை) சேர்த்து விண்ணப்பிக்கலாம். கணவர் குடிமகன் அல்லது நிரந்தர வதிவாளர் என்றால் பெனிஃபிற்றுக்கு அது போதும், ஆனால் இருவரும் வரி பதியவேண்டும்.

பிறகு சேர்த்தது: நிறையப் பேர் மாட்டுவது பெயரில். தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைக்கும் நம் வழக்கத்தில் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரிப் பதிவில் இன்னொரு மாதிரி தாயின் பெயர் விழுந்துவிடும். ஆஸ்பத்திரி அனுப்பும் அறிவித்தலும் உங்கள் பதிவும் பொருந்தாவிட்டால் சான்றிதழ் இழுபடும். ஆஸ்பத்திரிக் கைப்பட்டியில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, பிழை என்றால் பிரசவத்துக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, பிள்ளை பிறந்ததை ஐஆர்சிசியின் வெப்ஃபோர்மில், பெற்றோர் பெயர் உள்ள சான்றிதழோடு, விண்ணப்ப இலக்கத்தைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். பிள்ளை குடிமகன்தானே என்று விட்டுவிடாதீர்கள், குடும்பத்தில் புதிதாக ஒருவர் வந்தால் அறிவிக்கவேண்டும். அனுப்பியதற்கு வரும் தானியங்கிப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தள்ளிவைத்த எக்ஸ்ரேக்குப் பனல் டொக்டரை அழைத்து நேரம் எடுங்கள்.