ஃபெரெட்டின் வாலில் முடி கொட்டினால் எண்ணெய் தடவாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில், எந்தப் பிராணிக்கு முடி கொட்டினாலும் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும்தான் முதல் மருந்து. கீரி போன்ற வளர்ப்புப் பிராணியான என் ஃபெரெட்டுக்கும் அப்படியே தடவினேன். இரண்டு மாதம் வீணானது. அதற்கு வந்தது தோல் நோயே அல்ல.

வாலடியில் தொடங்கி, இடுப்பு, விலா என இரு பக்கமும் ஒரே அளவில் முடி உதிர்ந்தால், சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பியில் நோய் என்று சந்தேகியுங்கள். மூன்று வயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளில் இது சாதாரணம். செப்டம்பரில், இங்கே வசந்தத்தில், கொட்டிய முடி இலையுதிர்காலத்தில் தானாகவே முளைக்கலாம். குணமாகிவிட்டது என்று அப்போது விட்டுவிடாதீர்கள். அடுத்த வசந்தத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டும். நாய்களின் அட்ரீனல் நோயில் கூடுவது கார்டிசால் என்ற ஹார்மோன். ஃபெரெட்டில் கூடுபவை பாலின ஹார்மோன்கள். ஆகவே கார்டிசால் அளவு சரியாக இருப்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. வயிற்று ஸ்கேனும் பாலின ஹார்மோன் பரிசோதனையும் கேளுங்கள்.

காரணங்களில் முக்கியமானது கருத்தடை அறுவை, அதுவும் குட்டிப் பருவத்தில் செய்வது. விந்தகமோ சூலகமோ போனபின் மூளையின் தூண்டு ஹார்மோனுக்குக் கடிவாளம் இல்லை; அது ஓயாமல் அட்ரீனலைத் தூண்டுகிறது, சுரப்பி வீங்குகிறது, கட்டியாகவும் மாறுகிறது. அதற்காகப் பெண் ஃபெரெட்டை அப்படியே விட்டுவிடவும் கூடாது. இணை சேராவிட்டால் அதன் சினைப்பருவம் முடியாது. ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி, இரத்தசோகையில் கொன்றுவிடும். அறுவைக்குப் பதிலாக, அந்தத் தூண்டுதலை அடக்கும் டெஸ்லோரெலின் மருந்தைத் தோலுக்கடியில் வைக்கலாம். நோய் வந்த ஃபெரெட்டுக்கும் அதுதான் பலருடைய தேர்வு.

வெளிச்சத்தை யாரும் நினைப்பதில்லை. ஜூனில் இங்கே பகல் ஏறத்தாழ 10 மணி நேரம்தான். ஆனால் கூண்டு இருக்கும் கூடத்தில் நள்ளிரவுவரை விளக்கும் தொலைக்காட்சியும் எரிகின்றன. இருளில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோன் குறைந்து, ஃபெரெட்டின் உடலுக்கு ஆண்டு முழுவதும் கோடையாகிவிடுகிறது; அட்ரீனலைத் தூண்டும் அதே ஹார்மோனும் ஓய்வதில்லை. பொழுது சாய்ந்ததும் கூண்டை இருட்டறைக்கு மாற்றுங்கள். டிசம்பர் வெக்கையில் கனத்த போர்வையால் மூடாதீர்கள். 30 டிகிரியைத் தாண்டினாலே ஃபெரெட்டின் உயிருக்கு ஆபத்து.

ஆண் ஃபெரெட் சிறுநீர் கழிக்க முக்கினால், சொட்டுச் சொட்டாகப் போனால், காலைவரை காத்திருக்காதீர்கள். இதே பாலின ஹார்மோன்களால் வீங்கிய புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப் பாதையை அடைத்திருக்கலாம். அந்த இரவே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.