கிளட்ச் இல்லாத கார், கியர் ஆயில் குழப்பங்கள்

கிளட்ச் பெடல் இல்லையா, அப்போ ஆட்டோமேட்டிக். கடையில் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஒரு கேன் வாங்கி ஊற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பாதிச் சேதம் இங்கேயே நடந்துவிடுகிறது. மாருதி செலேரியோ ஏஎம்டியில் (தானாகக் கியர் மாறும் மேனுவல்) இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை மிதிப்பதையும் கியரைத் தள்ளுவதையும் ஒரு கருவி பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேனுவல் கியர் ஆயில்தான் வேண்டும். சிவிடி, அதாவது பல்சக்கரக் கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வகை என்றால், உள்ளே அந்த பெல்ட் வழுக்காமல் பிடிக்க வேண்டும், அதனால் தனி ஆயில்: நிசானுக்கு என்எஸ்-3, ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2. டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக இன்ஜின் சக்தியைக் கடத்தும் பாகம்) உள்ள வண்டியிலும் எல்லா ஆயிலும் ஒன்றல்ல. டொயோட்டாவின் பழைய டி-4 ஆயில் கேட்கும் வண்டியில் அதன் புதிய டபிள்யூஎஸ் ஆயிலை ஊற்றக்கூடாது. கடைக்காரர் "எல்லாத்துக்கும் இதான் சார்" என்பார். வண்டியோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

அடுத்தது, காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவிப் பார்ப்பது. சூடானால் ஆயில் விரியும். குளிரில் 'ஹாட்' கோட்டுக்குக் கீழே தெரிவதைக் குறைச்சல் என்று எண்ணி அரை லிட்டர் ஊற்றினால், அளவு மீறிச் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது, கியர் வழுக்கும். பெரும்பாலான வண்டிகளில் சிறிது தூரம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி, 'பி'யில் (பார்க்கிங்) இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். பல ஹோண்டாக்களில் நேர்மாறு: இன்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியில் ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் பார்த்துத்தான் அளவு சரிசெய்ய முடியும். அதை வீட்டில் தொடாமல் விடுவதே நல்லது என்பேன்.

சரி, ஆயிலை மாற்றியே தீருவதென்றால், ஆயில் ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருப்பது, கீழே எல்லாவற்றையும் வடித்த பிறகு தெரியவந்தால் வண்டி அங்கேயே நிற்கும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். அப்புறம், வடித்தால் பாதிக்குக் குறைவாகத்தான் வரும், மீதி டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர் என்றிருப்பதைப் பார்த்து ஏழையும் ஊற்றிவிடாமல், வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றிவிட்டு, மறுபடி சூடாக்கிப் பாருங்கள்.

வடிந்ததையும் கவனியுங்கள். இரும்புத் துகளைப் பிடிக்க உள்ளே வைத்திருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம். ஆயில் ரோஸ் மில்க் மாதிரி வெளுத்து வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது. அப்போது புது ஆயிலை ஊற்றி ஓட்டிப் பார்க்காதீர்கள், இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விடவேண்டியதுதான்.