பெருவிரல் மூட்டுத் தேய்மானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால் பெருவிரலின் அடிமூட்டு வலிக்க ஆரம்பித்ததும் பலரும் தேடிப் போவது மெத்தென்று வளையும் செருப்பைத்தான். இந்த மூட்டுக்குச் செய்யும் பெரிய தவறே அதுதான்.

நடக்கையில் குதிகால் எழும்பும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்குகிறது. தேய்ந்த மூட்டு அப்போதுதான் வலிக்கும். மூட்டின் மேல்புறம் கைக்குத் தட்டுப்படும் கெட்டியான முடிச்சு, கூடுதலாக வளர்ந்த எலும்பு. கதவிடுக்கில் சிக்கிய கல் மாதிரி, அது விரலை மடங்கவிடாது. செருப்பின் அடிப்பாகம் வளைந்தால் விரலும் கூடவே வளைந்தாக வேண்டும். அதனால் அடிப்பாகம் கெட்டியாகவும் முன்பக்கம் சற்று மேலே வளைந்தும் இருக்கும் ஷூதான் நல்லது. வாங்கும்போது இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள். விரல் பகுதியில் சுலபமாக மடங்கினால் வேண்டாம். விரல் பக்கம் அகலமும் உயரமும் தேவை, இல்லாவிட்டால் முடிச்சில் உரசும். இருக்கிற ஷூவுக்குள் கார்பன் ஃபைபர் தகடு வைப்பதும் உதவும்.

இறுகிப்போன விரலைப் பலவந்தமாக மேலே மடக்கிப் பயிற்சி செய்வதும் வேண்டாம், வீக்கம்தான் கூடும்.

‘யூரிக் ஆசிட்தான்’ என்று தாங்களாகவே முடிவுகட்டுபவர்களும் நிறைய. யூரிக் ஆசிட் மூட்டில் படிவதால் வரும் கவுட் என்றால் பெரும்பாலும் ஒரே இரவில் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். தேய்மான வலி மெல்ல மெல்ல வருவது, நடந்தால் கூடுவது. எக்ஸ்ரேயை நின்ற நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். பாரம் விழும்போதுதான் மூட்டின் இடைவெளி சரியாகத் தெரியும்.

வலி மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச காலத்துக்கு வலியைக் குறைக்கும், தேய்மானத்தைச் சரிசெய்யாது.

சரி, இதெல்லாம் பார்த்தும் வலி அடங்கவில்லையா? அப்புறம்தான் அறுவை சிகிச்சை. குருத்தெலும்பு ஓரளவு மிச்சமிருக்கும்போது மேல்முடிச்சைச் செதுக்கி எடுத்தாலே பலருக்குப் போதும். முற்றிலும் தேய்ந்த மூட்டில் அதை மட்டும் செய்துகொண்டால் வலி தொடரலாம். அந்த நிலையில் தகடும் திருகும் வைத்து மூட்டின் இரண்டு எலும்புகளையும் அசையாதபடி ஒன்றாக இணைத்துவிடுவார்கள். ‘அப்புறம் நடக்கவே முடியாது’ என்று பயந்து இதை மறுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வலிக்குக் காரணமான அசைவு நின்றுவிடுவதால் பெரும்பாலோர் நன்றாகவே நடக்கிறார்கள்; உயரமான ஹீல்ஸ்தான் போட முடியாது. செயற்கை மூட்டு அசைவைக் காப்பாற்றும், ஆனால் நாளடைவில் தளர்ந்து மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மூட்டை இணைக்கப் போகிறவர்கள் புகைபிடிப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். புகை எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும், சிலருக்கு ஒட்டாமலே போகும்.