பழைய மின்சார எஞ்சினில் சுற்றுலா ரயில்: எங்கே தவறுகிறார்கள்?

நீராவி எஞ்சின் தன் நெருப்பையும் தண்ணீரையும் கூடவே கொண்டு போகிறது. டீசல் எஞ்சின் தன் எண்ணெயைத் தன் தொட்டியிலேயே சுமக்கிறது. மின்சார எஞ்சினின் பாதி உடலோ தலைக்கு மேலே ஓடும் கம்பியிலும், அந்தக் கம்பிக்கு மின்சாரம் ஊட்டும் துணைநிலையத்திலும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட மின் எஞ்சினை முதன்மைப் பாதையில் சுற்றுலா ரயிலுக்குப் பூட்டுபவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறப்பதால் வருபவை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பிரிட்டன். லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ வரை போகும் மேற்குக் கரை முதன்மைப் பாதையில் 25 கிலோவோல்ட் மின்சாரத்தில் உழைத்த 86, 87 வகை எஞ்சின்களில் சில இன்றும் ஓடும் நிலையில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. 86 வகை 1965, 66 ஆண்டுகளில் நூறு கட்டப்பட்டது. 87 வகை 1973 முதல் 75 வரை முப்பத்தாறு. 86259, 86101, 87002 ஆகியவை சுற்றுலா ரயில் ரசிகர்களுக்கு நன்கு பழகிய எண்கள்.

எஞ்சினைப் பார்த்து வழியை முடிவு செய்வது

முதல் தவறு இதுதான். நல்ல எஞ்சின் ஒன்று கையில் இருக்கிறது, எங்கே போகலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: இந்த எஞ்சினுக்கு உரிய மின்சாரம் எங்கே இருக்கிறது?

மான்செஸ்டர்–ஷெஃபீல்டு இடையே 1954இல் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் திறக்கப்பட்ட வுட்ஹெட் பாதைக்காகக் கட்டப்பட்டவை இஎம்2 எஞ்சின்கள். மொத்தம் ஏழுதான். 1969இல் அவை நெதர்லாந்துக்கு விற்கப்பட்டன. வுட்ஹெட்டின் நடுப்பகுதி 1981இல் மூடப்பட்டது. மான்செஸ்டர் பக்கம் மிஞ்சிய துண்டு 1984இல் 25 கிலோவோல்ட்டுக்கு மாறியது. ஏழில் மூன்று இன்றும் இருக்கின்றன. இங்கிலாந்துக்குத் திரும்பிய இரண்டும் காட்சிப்பொருள்கள். நெதர்லாந்திலேயே தங்கிவிட்ட 1501தான் பின்னாளிலும் தன் சொந்த மின்சாரத்தில் ஓடியது, ஏனென்றால் அந்த நாட்டில் 1,500 வோல்ட் கம்பி இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் ஊரிலும் இதே கதை உண்டு. சென்னை–விழுப்புரம் மீட்டர்கேஜில் ஓடிய ஒய்ஏஎம்-1 எஞ்சினை எவ்வளவு நேர்த்தியாகச் செப்பனிட்டாலும் ஓட்ட முடியாது. அதற்கான தண்டவாளமே போய்விட்டது.

மின்சாரம் பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. பிரதான வழி மட்டும் போதாது, மாற்று வழிக்கும் கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார இறுதியில்தான் சுற்றுலா ரயில் ஓடும். பாதைப் பணிகளும் வார இறுதியில்தான் நடக்கும். ரக்பிக்கும் லண்டனுக்கும் இடையே நார்தாம்ப்டன் வழியாகத் திருப்பிவிட்டால் கம்பி உண்டு. பிரெஸ்டனுக்கு வடக்கே அடைப்பு விழுந்து செட்டில்–கார்லைல் வழியாகத் திருப்பினால் கம்பியே கிடையாது. புறப்படும் நடைமேடை, எஞ்சின் சுற்றி வரும் பக்கப்பாதை, பெட்டிகளை இரவில் நிறுத்தும் யார்டு, இவை ஒவ்வொன்றையும் மின்கம்பி வரைபடத்தில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கடைசி இருநூறு மீட்டரில் கம்பி இல்லாத பணிமனைக்கு டீசல் எஞ்சின் ஏற்பாடு செய்யாமல் விட்டவர்கள் உண்டு.

“பின்னால் ஒரு டீசல் இருக்கட்டும்” என்பதன் விலை

காப்புக்காக ரயிலின் பின்னால் 47 வகை டீசலைக் கட்டி இழுப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அதன் எடையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது தவறு, அதுவும் ஏற்றப் பாதையில் பெரிய தவறு. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

மேற்குக் கரைப் பாதையில் உள்ள ஷாப் ஏற்றம் 75க்கு 1, அதாவது 75 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். 86 வகையின் உட்பிரிவான 86/2 எஞ்சின் சுமார் 85 டன், பன்னிரண்டு பதின்மூன்று பெட்டிகள் சுமார் 450 டன், மொத்தம் 535 டன். அந்த ஏற்றத்தில் புவியீர்ப்பை எதிர்த்து நிற்க மட்டும் ஏறத்தாழ 70 கிலோநியூட்டன் இழுவை வேண்டும். எஞ்சினின் அதிகபட்ச இழுவை 207 கிலோநியூட்டன் என்று ஏட்டில் இருக்கும். அது உலர்ந்த தண்டவாளத்துக்கு. இலை விழும் மாதத்தில், தூறலில், சக்கரத்தின் பிடி எடையில் பத்தில் ஒரு பங்காக இறங்கினால் 85 டன் எஞ்சினுக்குக் கிடைப்பது 83 கிலோநியூட்டன்தான். உருளுதலின் எதிர்ப்பும் சேர்ந்தால் அதுவே மயிரிழை. இப்போது சுமார் 120 டன் டீசலைப் பின்னால் சேருங்கள். ஏற்றத்துக்கு மட்டும் 86 கிலோநியூட்டன் ஆகிவிடுகிறது, பிடி பத்தவில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடியாது, சக்கரம் சுழலும்.

பின்னால் இருப்பது தள்ளிக் கொடுக்குமே என்று நினைக்கலாம். 86இன் கேபினிலிருந்து 47ஐ இயக்க வழியில்லை. அதற்குத் தனி ஓட்டுநர் வேண்டும், இருவருக்கும் பேச்சுத் தொடர்பு வேண்டும், எல்லாம் முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சக்கரம் வழுக்காமல் பிடிக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலின் பெட்டி நிரம்பியிருக்கிறதா, மணல் உலர்ந்திருக்கிறதா, குழாய் அடைக்கவில்லையா என்பதைப் புறப்படும் காலையில் பார்ப்பது இந்தக் காரணத்தால்தான்.

மின்சாரமில்லாத இடைவெளி

இரண்டு துணைநிலையங்களின் மின்சாரம் ஒன்றோடொன்று சேரக் கூடாது என்பதற்காகக் கம்பியில் ஆங்காங்கே சில மீட்டர் நீளத்துக்கு மின்சாரமற்ற துண்டு வைத்திருப்பார்கள். நியூட்ரல் செக்‌ஷன் என்பது அதன் பெயர். அதை நெருங்கும்போது பாதையோரக் காந்தங்கள் எஞ்சினின் பிரதான பிரேக்கரை (திறந்தால் மின்சாரம் அறும் சுவிட்ச்) தானாகத் திறந்துவிடும், தாண்டியதும் மூடிவிடும். ரயில் அந்த இடத்தைத் தன் வேகத்தின் தயவில் உருண்டே கடக்க வேண்டும்.

இன்றைய மின்ரயிலில் பயணி இதை உணர்வதே இல்லை. 86, 87 வகைகளில் கதை வேறு. இவற்றின் சக்தியைக் கட்டுப்படுத்துவது டேப் சேஞ்சர். மின்மாற்றியின் 38 படிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும் இயந்திரம். மின்சாரம் அறுந்ததும் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இடைவெளியைத் தாண்டியபின் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். ஏற்றத்தில் அந்த நேரமெல்லாம் வேகம் கரைந்துகொண்டே இருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 75க்கு 1 ஏற்றத்தில் இழுவை நின்றால், ரயில் நூறு மீட்டர் தூரத்தில் நின்றுவிடும். பாண்டோகிராஃப், அதாவது கூரைமேல் நின்று கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கை, சரியாக அந்த இடைவெளிக்கு அடியில் நின்றால் எஞ்சினுக்கு ஒன்றுமே செய்ய இயலாது. வேறு எஞ்சின் வந்து நகர்த்தும்வரை முதன்மைப் பாதை முழுக்க அடைபடும்; அதற்கான தாமதக் கட்டணம் ஒரு சுற்றுலாவின் லாபத்தை விழுங்கிவிடும்.

எனவே ஓட்டுநரின் வழிக்குறிப்பில் ஒவ்வொரு நியூட்ரல் செக்‌ஷனும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள சிக்னலும் இருக்க வேண்டும். மஞ்சள் சிக்னலில் மெதுவாகத் தவழ்ந்து போய் இடைவெளிக்குள் மாட்டுவதைவிட, முன்னாலேயே நின்று, சிக்னல்மேனிடம் பேசி, ஓடி எடுக்கத் தூரம் வைத்துக்கொண்டு கிளம்புவது மேல்.

கிடங்கில் உறங்கிய எஞ்சினை நேராக ரயிலில் பூட்டுவது

பிரிட்டனின் பாரம்பரிய ரயில் பாதைகள் எதிலும் 25 கிலோவோல்ட் கம்பி இல்லை. நீராவி எஞ்சினை ஒரு சின்னப் பாதையில் பத்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முதன்மைப் பாதைக்கு அனுப்பலாம். மின் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. சோதனையும் முதன்மைப் பாதையில்தான். சோதனை ஓட்டத்தின் செலவை மிச்சப்படுத்த நினைத்து, பயணிகளோடு போகும் முதல் ஓட்டத்தையே சோதனையாக்குவது மன்னிக்க முடியாத தவறு. வெறும் எஞ்சினாக ஓட்டிப் பார்ப்பதும் போதாது. பெட்டிகளின் சுமையில்தான் டேப் சேஞ்சரின் தேய்ந்த தொடுமுனைகளும் மோட்டாரின் கார்பன் பிரஷ்களும் தங்கள் உண்மை நிலையைக் காட்டும்.

அடிக்கடி நடப்பது மிக எளிய பழுது: பேட்டரி. பாண்டோகிராஃப் மேலே எழுவதற்குக் காற்றழுத்தம் வேண்டும். வாரக்கணக்கில் நின்ற எஞ்சினில் காற்று இறங்கியிருக்கும். அதை நிரப்பப் பேட்டரியில் ஓடும் சிறு துணைக் கம்ப்ரசர் இருக்கிறது. பேட்டரி படுத்திருந்தால் கம்ப்ரசர் ஓடாது. கம்ப்ரசர் ஓடாவிட்டால் பாண்டோகிராஃப் எழாது. அது எழாவிட்டால் பேட்டரிக்கு மின்னேற்றம் கிடையாது. ஐயாயிரம் குதிரைசக்தி எஞ்சின் கம்பிக்கு அடியில் நின்றபடியே கையைப் பிசையும். புறப்பாட்டுக்கு முந்தைய நாளே வெளிச் சார்ஜரில் பேட்டரியை நிரப்பி, துணைக் கம்ப்ரசரை ஓடவிட்டுப் பாண்டோகிராஃபை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஈரம். குளிர்காலம் முழுவதும் நின்ற எஞ்சினின் மோட்டார் சுருள்கள் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மெகர் என்னும் அளவுகருவியை வைத்துச் சுருள்களின் மின்காப்புத் தடையை அளக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. மோட்டாரின் கிலோவோல்ட்டோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மெகாஓம் என்பது எலக்ட்ரீஷியன்களின் பழைய கைக்கணக்கு. ஏறத்தாழ ஒரு கிலோவோல்ட் மோட்டாருக்கு 2 மெகாஓம். அதற்குக் கீழே காட்டினால் சூடான காற்று ஊதி உலர்த்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும். மின்மாற்றி எண்ணெயின் மாதிரியை 2.5 மில்லிமீட்டர் இடைவெளிச் சோதனையில் வைத்து, 30 கிலோவோல்ட்டுக்குள் அதன் மின்காப்பு முறிந்தால் வடிகட்டி ஈரம் நீக்காமல் ஓட்டக் கூடாது. கூரை மேலிருக்கும் பீங்கான் இன்சுலேட்டர்களைத் துடைப்பதும் இந்தப் பட்டியலில் உண்டு. அழுக்குப் படலத்தில் பனி இறங்கினால் மின்சாரம் மேற்பரப்பிலேயே பாய்ந்துவிடும்.

பாண்டோகிராஃபின் கார்பன் பட்டையில் விரிசலோ வெட்டுக்காயமோ இருந்தால் மாற்றிவிடுங்கள், இன்னும் ஒரு ஓட்டம் தாங்கும் என்று விடாதீர்கள். பட்டைக்குள் காற்றுக்குழல் உண்டு. உடைந்தால் காற்று கசிந்து பாண்டோகிராஃப் தானாக விழும். அந்தத் தானியங்கி ஏற்பாட்டை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் சோதிக்க வேண்டும். அது வேலை செய்யாமல் பட்டையும் உடைந்தால் கிலோமீட்டர் கணக்கில் கம்பி அறுந்து தொங்கும். இரண்டு மின் எஞ்சின்களை ஜோடியாகப் பூட்டி, படம் அழகாக வர வேண்டுமென்று இரண்டின் பாண்டோகிராஃபையும் உயர்த்தி வேகமாக ஓட்டும் ஆசையும் வேண்டாம். முன்னது கம்பியில் எழுப்பும் அலையில் பின்னது குதிக்கும், தீப்பொறி பறக்கும்.

பெட்டிகளின் பசி

பெட்டிகளுக்கு வெப்பமும் குளிர்சாதனமும் எஞ்சினிலிருந்து போகிறது. பிரிட்டனில் இதற்கு ஒரு குறியீட்டு எண் வைத்திருக்கிறார்கள். ஒரு எண் என்பது 5 கிலோவாட். 86 வகை 74 வரை கொடுக்கும், 87 வகை 95, டீசல் 47 வகை 66. குளிர்சாதனப் பெட்டி ஒன்று 5 அல்லது 6 எடுத்துக்கொண்டால் பன்னிரண்டு பெட்டியிலேயே 86இன் கணக்கு தீர்ந்துவிடும். அதற்கு மேல் முழு விருந்து சமைக்கும் சமையல் பெட்டியைச் சேர்த்துவிட்டு, அடுப்பு ஏன் அணைகிறது என்று கேட்பது நியாயமில்லை. காப்பு டீசலிடம் பொறுப்பு மாறும்போது இன்னும் குறையும் என்பதையும் சேர்த்தே கூட்ட வேண்டும். சமையல்காரர்களுக்கு நியூட்ரல் செக்‌ஷன் பற்றி முன்பே சொல்லி வையுங்கள். அங்கே பெட்டிகளுக்கான மின்சாரமும் ஒரு நொடி போய் வரும், சில கருவிகளைத் திரும்ப இயக்கிவிட வேண்டியிருக்கும்.

நீராவியிடம் கைமாற்றும் இடம்

யூஸ்டனிலிருந்து மின் எஞ்சின் இழுத்து வந்து, வடக்கே ஓரிடத்தில் நீராவி எஞ்சினிடம் ஒப்படைப்பது பிரிட்டனில் மிகப் பிரபலமான பயணமுறை. உயிர் போகக்கூடிய தவறு நடக்கும் இடமும் இதுவே. பெட்டிகளுக்கான மின்தொடர் ஏறத்தாழ ஆயிரம் வோல்ட். ஓட்டுநர் அதை அணைத்து, அணைத்ததை வாய்விட்டு உறுதிசெய்யும் முன் யாரும் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே இறங்கக் கூடாது. நேரமாகிவிட்டது என்பது இங்கே ஒரு காரணமே அல்ல.

நீராவி எஞ்சினின் டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின் வண்டி) மேல் ஏறி நிலக்கரி தள்ளுபவர், தண்ணீர்க் குழாயைத் தூக்குபவர் தலைக்கு மேல் 25 கிலோவோல்ட் ஓடுகிறது. பிரிட்டன் விதிப்படி உடலும் கையிலுள்ள கருவியும் கம்பியிலிருந்து 2.75 மீட்டருக்குள் போகக் கூடாது. கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். தண்ணீர் நிரப்பும் இடத்தைக் கம்பியில்லாத பாதையில் வையுங்கள். நீராவி எஞ்சினால் பெட்டிகளுக்கு மின்சாரம் தர முடியாது என்பதால் ஜெனரேட்டர் பெட்டியோ பின் டீசலோ அந்த நிமிடத்திலிருந்து பொறுப்பேற்க வேண்டும். ஜன்னலில் தலை நீட்டும் ரசிகர்களைத் தடுக்க ஒவ்வொரு பெட்டியிலும் ஆள் நிறுத்துவதும் தவிர்க்க முடியாதது.

ஓட்டுநரும் உதிரிபாகமும்

சரக்கு ரயில்களில் 86 வகை 2021இல் ஓய்வு பெற்றது. அதுவரை அவற்றை அன்றாடம் ஓட்டியவர்கள் இருந்தார்கள், இனி இல்லை. எஞ்சின் தெரிந்த ஓட்டுநருக்கு வழி தெரியாது, வழி தெரிந்தவருக்கு எஞ்சின் தெரியாது என்ற நிலைமைக்கு வந்துகொண்டிருக்கிறது. இரண்டு தகுதியும் உள்ளவரை உறுதிசெய்துகொண்ட பின்புதான் டிக்கெட் விற்பனையைத் திறக்க வேண்டும். அவருக்கு மாற்றாளும் வேண்டும்.

87 வகையில் பல பல்கேரியாவுக்கும், 86 வகையில் சில ஹங்கேரிக்கும் போய்விட்டன. டேப் சேஞ்சர் பாகத்தைக் கடையில் வாங்க முடியாது. அந்த நாடுகளில் கழிக்கப்படும் எஞ்சின்களைக் கவனித்துப் பாகங்களை முன்கூட்டியே வாங்கி வைக்காதவர்கள், ஒரு தொடுமுனை எரிந்ததும் ஒரு பருவத்தையே இழப்பார்கள். புதிய சிக்னல் முறையும் வருகிறது. கிழக்குக் கரைப் பாதையின் தென்பகுதியில் பாதையோர விளக்குகளை எடுத்துவிட்டு, கேபினுக்குள்ளேயே சிக்னல் காட்டும் ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கருவி இல்லாத எஞ்சின் அங்கே நுழைய முடியாது. பொருத்தும் செலவு பெரிது, கேபினில் இடமும் குறைவு. திட்டமிடும்போதே அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஓட்டம் முடிந்த இரவில் களைப்போடு எஞ்சினை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பாண்டோகிராஃபை இறக்கி, காற்றுத் தொட்டிகளின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்து, பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு, கேபின் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை என்று பார்த்தபின் கதவைப் பூட்டுங்கள். அடுத்த ஓட்டத்தின் பேட்டரி அந்த இரவில்தான் தீர்கிறது.